தோடிக்கு ஏற்ற பிளக்இன்

பதிவான ஒலிகளைச் சமன்செய்து சேர்க்கும் மிக்சிங்கைக் கற்கத் தொடங்கும் இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, எந்தப் பிளக்இன் (பதிவு மென்பொருளுக்குள் செருகும் ஒலிக்கருவி) வாங்குவது என்பதுதான். கொஞ்சம் சம்பாதிக்கத் தொடங்கியவர்களின் கேள்வி வேறு: "அண்ணா, ஹார்டுவேர் கம்ப்ரசர் ஒன்று வாங்கிவிடலாமா?" சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் தானாகக் குறைக்கும் தனிப்பெட்டி அது. இரண்டு கேள்விகளுக்கும் எடுத்த எடுப்பில் பதில் சொல்ல என்னால் முடிந்ததில்லை. மேசையில் எந்த இசை இருக்கிறது என்று தெரியாமல் கருவியைப் பரிந்துரைக்க முடியாது. என்னிடம் வருபவை பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள், பக்திப் பாடல் தொகுப்புகள், தம்புராவையும் மிருதங்கத்தையும் நடுவில் வைத்துக்கொண்டு கிட்டாரும் கீபோர்டும் சேர்க்கிற தனியிசைப் பாடல்கள். உலகம் முழுவதும் கொண்டாடப்படும் கருவிகளோ டிரம் செட், பேஸ் கிட்டார், மேற்கத்தியப் பாப் குரல் ஆகியவற்றை மனத்தில் வைத்துப் பக்குவப்பட்டவை; அவற்றுடன் வரும் பிரீசெட்டுகளும் (முன்னதாகவே வைத்துத் தரும் அமைப்புகள்) அப்படியே. ஆகவே ஒரு கருவி எந்த அதிர்வெண்ணில் வெட்டுகிறது, எத்தனை மில்லிவினாடியில் பிடிக்கிறது, எத்தனை மில்லிவினாடியில் விடுகிறது, அந்த அளவுகளை மாற்றும் திருகு என் கையில் இருக்கிறதா என்பவற்றைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். பெயர், படம், விலை ஆகியவை எனக்கு அதற்குப் பிறகுதான்.

பணத்தைப் பற்றி முன்னதாகவே பேசிவிடுகிறேன். கையில் இருக்கும் தொகையில் பெரும் பங்கை அறைக்கும் ஸ்பீக்கருக்கும் ஒதுக்கச் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. சென்னை அடுக்ககங்களில் ஸ்டுடியோவாக மாறும் படுக்கையறை பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் அருகே ஒரு நிலையலை (இடம் மாறாமல் நின்று முழங்கும் அலை) உருவாகும். நீளமும் அகலமும் சமமாக இருந்தால் இரண்டு திசையிலும் அதே 56. கூரையும் பத்தடி உயரத்தில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பேஸ் கிட்டாரின் கீழ்ச் சுரங்கள் புழங்கும் இடம் அது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியின் ஆழமும் அதற்கு வெகு தொலைவில் இல்லை. அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்த ஒலி ஏறக்குறையக் காணாமல் போகும். சுவரை ஒட்டி நின்றால் காதை அடைக்கும். இப்படிப்பட்ட அறையில் அமர்ந்து தொப்பிக்கு ஈக்யூ போடுகிறவர், அதாவது அதன் அதிர்வெண்களை ஏற்றி இறக்குகிறவர், உண்மையில் தன் வீட்டுச் சுவருக்கு ஈக்யூ போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஏசி இன்சுலேஷன் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் ராக்வூல், கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியில் இருந்தால் போதும். அதை நான்கு அங்குலத் தடிமனுக்கு அடுக்கி, மரச்சட்டத்தில் பொருத்தி, காற்றுப் புகும் துணியைப் போர்த்தி, ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி பட்டுத் தெறிக்கும் பக்கச் சுவர்களிலும் தலைக்கு மேலும் மாட்டலாம்; மூலைகளில் இதைப்போல இரண்டு மடங்கு தடிமன் வேண்டும். 56 ஹெர்ட்ஸை அது முழுவதுமாக அடக்கிவிடாது. ஆனால் குரலும் வயலினும் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையும் இயங்கும் பகுதி தெளிந்துவிடும். கீழ்ப்பகுதியை நல்ல ஹெட்போனில் சரிபார்த்துக்கொள்ளலாம். முட்டை அட்டையைப் போன்ற மெல்லிய ஃபோமைச் சுவர் முழுக்க ஒட்டுவதால் ட்ரெபிள் மட்டும் செத்துப்போய், அறை முன்பைவிட மந்தமாகக் கேட்கும்.

ஈக்யூ வாங்கப் பணம் செலவழிக்கத் தேவையே இல்லை என்பது என் கருத்து. ரீப்பரோ லாஜிக்கோ கியூபேஸோ, எந்தப் பதிவு மென்பொருளில் வேலை செய்தாலும் அதனுடனேயே வரும் ஈக்யூ போதும். கவனமெல்லாம் அதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் வேண்டும். குரல் டிராக்கில் முதல் வேலையாக 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட வேண்டும் என்று பெரும்பாலான பாடங்கள் சொல்கின்றன. ஆண் குரல் ஒரு கட்டை சுருதியில் பாடும்போது மத்திய ஸட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழுள்ள மந்திர பஞ்சமம் அதில் முக்கால் பங்கு, அதாவது 98 ஹெர்ட்ஸ். பாடகர் ஆலாபனையில் மெல்ல இறங்கி, அந்தப் பஞ்சமத்தில் நின்று, சபையே மூச்சை அடக்கிக் கேட்கும் இடத்தில், பிரீசெட்டின் வெட்டு சரியாக அந்தச் சுரத்தின் அடிக்கட்டில் விழுகிறது. சுரத்தின் மடங்குகளான மேல் அதிர்வுகள் எஞ்சியிருப்பதால் சுரம் என்னவோ கேட்கும். அதன் கனம் போய்விடும். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்கும் இதே கதைதான். ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் 147. பெண் குரலுக்கென்று வரும் பிரீசெட்டுகளில் 150 வரை ஏற்றி வெட்டும் வழக்கம் உண்டு. நான் பாடகரின் கட்டையைக் கேட்டுக்கொண்டு, அவர் அந்த உருப்படியில் தொடும் மிகக் கீழான சுரத்தைக் கணக்கிட்டு, அதற்கும் நன்றாகக் கீழேதான் வெட்டை வைக்கிறேன். ஏசியின் உறுமலும் தெருவில் போகும் லாரியின் அதிர்வும் பெரும்பாலும் அதற்குக் கீழேயே அடங்கிவிடுகின்றன.

பழைய ஹார்டுவேரைப் போலிசெய்யும் பிளக்இன் நகல்களில் எனக்கு மெய்யாகவே பயன்படுவது பல்டெக் ஈக்யூ. 1950களில் பிறந்த அந்த அமெரிக்கக் கருவியில் 20, 30, 60, 100 என்று நான்கே கீழ் அதிர்வெண்கள். ஏற்றுவதற்கு ஒரு திருகும் இறக்குவதற்கு இன்னொரு திருகும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே திருப்பினால் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் இரண்டு வளைவுகளும் ஒரே வடிவத்தில் இல்லாததால் கீழே ஒரு மேடும் அதற்குச் சற்று மேலே ஒரு பள்ளமும் கிடைக்கின்றன. தொப்பிக்கு 60இல் இதைச் செய்து பாருங்கள்: கும்கி என்னும் ஆழ்ந்த ஒலி உருண்டு வரும், அதற்கு மேலுள்ள பெட்டிக்குள் தட்டுவது போன்ற மந்தம் விலகிவிடும். சாதாரண ஈக்யூவில் இரண்டு பட்டைகளை வைத்து இதையே வரையவும் முடியும் என்பதால், பல்டெக் நகலுக்குப் பணம் கொடுப்பது வேகத்துக்குக் கொடுக்கும் கூலி என்று வைத்துக்கொள்ளலாம்.

தார ஸ்தாயியில் குரல் கூர்மையாகிக் காதைக் குத்தும்போது நிரந்தரமான வெட்டு கூடாது. அந்தச் சுரங்கள் வரும்போது மட்டும் இறங்கி, போனதும் ஏறிவிடும் டைனமிக் ஈக்யூ வேண்டும். டோக்கியோ டான் லேப்ஸ் இலவசமாகவே கொடுக்கும் டிடிஆர் நோவா இந்த வேலையைச் செய்கிறது. 3000 ஹெர்ட்ஸ் சுற்றுப்புறத்தில் இரண்டு மூன்று டெசிபல் இறங்கினாலே போதும். நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதி அது.

இனி கம்ப்ரசர். எந்தக் கருவியின் பெயர் அதிகம் அடிபடுகிறதோ அதையே வாங்கிவிடும் வழக்கம் இங்கேதான் அதிகச் சேதம் செய்கிறது. பில் புட்னம் 1967இல் கொண்டுவந்த 1176, டிரான்சிஸ்டர் வகையைச் சேர்ந்தது. அதன் அட்டாக், அதாவது சத்தத்தைப் பிடித்து அமுக்க எடுக்கும் நேரம், 20 மைக்ரோவினாடியிலிருந்து 800 மைக்ரோவினாடி வரை. அதாவது எவ்வளவு மெதுவாக வைத்தாலும் ஒரு மில்லிவினாடிக்குள் பிடித்துவிடும். அதோடு திருகுகள் தலைகீழ். வலது பக்கம் திருப்பத் திருப்ப வேகம் கூடும். டெலட்ரோனிக்ஸ் எல்ஏ-2ஏ முற்றிலும் வேறு குணம். உள்ளே ஒளிரும் பலகை ஒன்றும் ஒளி பட்டால் மின்தடை மாறும் பொருள் ஒன்றும் எதிரெதிரே இருக்கின்றன. பாட்டின் சத்தம் கூடினால் பலகை கூடுதலாக ஒளிரும், ஒலி இறங்கும். பிடிக்க ஏறக்குறைய 10 மில்லிவினாடி எடுத்துக்கொள்ளும். விடும்போது பாதியை 60 மில்லிவினாடியில் விட்டுவிட்டு, மீதியை ஒரு வினாடியிலிருந்து பதினைந்து வினாடி வரை நிதானமாக விடும். எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக ஒளி பட்டது என்பதைப் பொறுத்து அந்த மீதி நேரம் மாறும். அதில் அட்டாக், ரிலீஸ் (விடும் நேரம்) என்று திருகுகளே கிடையாது.

நீண்ட கார்வைகளும் சங்கதிகளும் உள்ள குரலுக்கு எல்ஏ-2ஏ நகல் நன்றாகப் பொருந்துகிறது. மந்திரத்திலிருந்து தாரம் வரை ஒரே மூச்சில் ஏறும் பிருகாவில், கம்ப்ரசர் வேலை செய்வதே தெரியாத அளவுக்கு அது பின்தொடரும். மிருதங்கத்துக்கு அதே கருவியைப் போட்டால் நிலைமை வேறு. நிமிடத்துக்கு 80 அட்சரம் ஓடும் தாளத்தில் ஓர் அட்சரம் 750 மில்லிவினாடி. தனி ஆவர்த்தனத்தில் அதற்குள் எட்டுச் சொற்கள் விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 94 மில்லிவினாடிதான். எல்ஏ-2ஏ பாதியை விட்ட கையோடு அடுத்த சொல் வந்துவிடும். விடாத மீதி சேர்ந்துகொண்டே போகும். விறுவிறுப்பான கோர்வை முழுவதும் கருவி அமுங்கியே கிடந்து, தனி முடிந்து பாடகர் பல்லவியை எடுக்கும்போதுதான் மிருதங்கம் தலைதூக்கும். மேடையில் நடப்பதற்கு நேர் எதிர்.

வேறொரு ஸ்டுடியோவில் மிக்ஸ் செய்யப்பட்டு, திருப்தி இல்லாமல் என்னிடம் வந்த ஒரு பதிவு நினைவுக்கு வருகிறது. அதில் வாசித்த வித்வான் என் பக்கத்தில் உட்கார்ந்து முதல் நிரவல் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, சாப்பு எல்லாம் விழுந்திருக்கு, ஆனா நாதம் எங்க?" என்றார். செஷனை, அதாவது அந்த மிக்ஸின் கோப்பைத் திறந்து பார்த்தால் மிருதங்கத்தின் மீது 1176 நகல் ஒன்று, டிரம் செட்டின் ஸ்னேருக்கான பிரீசெட்டில், மிக வேகமான அட்டாக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்னேரைப் பொறுத்தவரை அது நியாயமான அமைப்பு; தட்டிய கணம் அமுங்கி, பின்னால் வரும் கம்பிகளின் சரசரப்பு மேலெழும். மிருதங்கத்தில் அந்தக் கணத்தைத் தொடர்ந்து வருவது சரசரப்பல்ல, சுருதியோடு சேர்ந்த நாதம். வலந்தலையில் கரணை இடப்பட்டிருப்பதால் அந்தத் தோலின் மேல் அதிர்வுகள் நரம்புக் கருவிகளைப் போல முழு எண் மடங்குகளில் ஒழுங்காக அமைகின்றன என்று சி.வி. ராமன் 1920இலேயே எழுதியிருக்கிறார். விரலின் தாக்கத்துக்கும் அந்த நாதத்துக்கும் இடையே உள்ள விகிதத்தில்தான் ஒரு கலைஞரின் கை தெரிகிறது. வேகமான கம்ப்ரசர் அந்த விகிதத்தையே குலைத்துவிடும்.

மிருதங்கத்துக்கு நான் எடுப்பது, அட்டாக்கை 30 மில்லிவினாடி வரையாவது தள்ளவும் ரிலீஸை 60, 80 என்று குறுக்கவும் இடம் தரும் ஏதோ ஒரு சாதாரணக் கம்ப்ரசர். ரீப்பருடன் வரும் ரியாகாம்ப் இதற்குத் தாராளமாகப் போதும். எஸ்எஸ்எல் என்ற மிக்சிங் மேசையின் பஸ் கம்ப்ரசர் (எல்லா டிராக்குகளும் சேரும் இடத்தில் அமர்வது) நகலிலும் அட்டாக் 30 வரை போகிறது. ஆனால் அது 0.1, 0.3, 1, 3, 10, 30 என்று படிப்படியாகத் தாவுமே தவிர, நடுவில் நிற்காது. ரிலீஸும் 100 மில்லிவினாடிக்குக் கீழே இறங்காது. மேலே சொன்ன 94 மில்லிவினாடிக் கணக்கை வைத்துப் பார்த்தால் அது ஏன் எனக்கு இடிக்கிறது என்பது விளங்கும். வித்வானின் பதிவில் கம்ப்ரசரைக் கழற்றிவிட்டு, உரத்த சொற்களை மட்டும் கையாலேயே லெவல் குறைத்து, மேலே இரண்டு டெசிபலுக்கு மிகாமல் மெதுவான கம்ப்ரசன் கொடுத்தேன். அவர் தலையை ஆட்டினார்; பாராட்டு என்று அதை எடுத்துக்கொண்டேன்.

நகல்களைச் சோதிக்கும்போது ஒரு பெரிய மயக்கம் காத்திருக்கிறது. ஒலி சற்றே உரத்துக் கேட்டால் அது மேலானதாகவே தோன்றும். லெவல் மாறும்போது கீழும் மேலும் உள்ள அதிர்வெண்களை நம் காது எடைபோடும் விதமும் மாறுகிறது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். பிளக்இன் ஒன்றைச் செருகியவுடனே லெவல் ஒரு டெசிபல் ஏறினால், "அடடா, என்ன செழுமை" என்று மனம் பர்சை எடுத்துவிடும். ஆகவே சோதனைக்கு முன் லவுட்னஸ் மீட்டரை வைத்து, பிளக்இன் போட்டபோதும் எடுத்தபோதும் அளவு சமமாக இருக்கும்படி அவுட்புட்டைக் குறைக்கிறேன். யூலீன் மீட்டரின் இலவசப் பதிப்பே இதற்குப் போதும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, எந்த நிலையில் இருக்கிறோம் என்ற நினைவு தப்பும் வரை பைபாஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்துவிட்டு, அதற்கப்புறம்தான் கேட்கத் தொடங்குகிறேன். விலை உயர்ந்த நகல்கள் பல இந்தச் சோதனையில் கரைந்துபோகின்றன. ஏர்விண்டோஸ் என்ற பெயரில் கிறிஸ் ஜான்சன் வெளியிடும் பிளக்இன்களில் படம் என்று எதுவும் இல்லை, வெறும் ஸ்லைடர்கள்தான், விலையும் இல்லை. கண்ணை ஏமாற்ற அங்கே எதுவும் இல்லை என்பதால், மாணவர்கள் முதலில் பழக அவற்றைத்தான் கொடுக்கிறேன்.

டேப், வால்வு, டிரான்ஸ்பார்மர் ஆகியவற்றைப் போலிசெய்யும் சாச்சுரேஷன் பிளக்இன்களில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, ஓவர்சாம்பிளிங் (உள்ளே மட்டும் கூடுதல் சாம்பிள் வேகத்தில் கணக்கிடுவது) இருக்கிறதா என்பது. சாச்சுரேஷன் என்பது புதிய மேல் அதிர்வுகளை உண்டாக்கும் வேலை. ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளக்கும், அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸில் ஓடும் செஷனில், அதில் பாதியான 22.05க்கு மேல் எதற்கும் இடமில்லை. ஆகையால் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் மூன்றாம் மடங்கான 30 கிலோஹெர்ட்ஸ் எங்கும் மறைந்துவிடாமல் மடங்கித் திரும்பி 14.1 கிலோஹெர்ட்ஸில் வந்து உட்காரும். சுருதிக்கும் ராகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத அந்நியச் சத்தம் அது. கிட்டார் கூச்சலில் அது ஒளிந்துகொள்ளும். மேல் அதிர்வுகள் நிறைந்த நாகஸ்வரத்திலும், பின்னால் தம்புரா மட்டும் ஒலிக்கும் விருத்தத்திலும் ஒளிய இடமில்லை.

ஹார்டுவேர் வாங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். நல்ல எல்ஏ-2ஏ ஒன்றைத் தொட்டுப் பார்த்தவர்கள் எவரும் அதன் ஒலியைக் குறைசொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் அதன் விலை லட்சங்களில். அதன்மேல் கப்பல் கட்டணமும் சுங்கமும் ஜிஎஸ்டியும் ஏறும். ஸ்டீரியோ வேலைக்கு இரண்டு வேண்டும். வால்வுகள் கக்கும் சூட்டைச் சிறிய அறையில் ஏசிதான் சமாளிக்க வேண்டும். கடற்காற்றின் ஈரத்திலும் தூசியிலும் திருகுகள் ஓரிரு மழைக்காலத்திலேயே கரகரக்கத் தொடங்கும். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஏறும்போது, அது மலிவான சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால், டிரான்ஸ்பார்மர் உறுமும். பழைய கட்டடங்களில் எர்த் இணைப்பு எந்த நிலையில் இருக்கும் என்பது எலக்ட்ரீஷியனுக்கே வெளிச்சம். பழுது என்றால் ரிச்சி தெருவில் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் கிடைத்துவிடும். அந்த ஒளிச் செல் கிடைக்காது. இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் மூன்று மாதம் கழித்துப் போன் செய்து, "சார், அந்த மூணாவது பாட்டுல வயலின் மட்டும் கொஞ்சம் ஏத்தணும்" என்று கேட்பதைத்தான் பொறுக்க முடியாது. பிளக்இன் என்றால் செஷன் திறந்தவுடன் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். ஹார்டுவேர் என்றால் போனில் எடுத்து வைத்த திருகுகளின் படத்தைப் பார்த்துப் பார்த்துத் திருப்பி, நிகழ்நேரத்தில் மறுபடி ஓட்ட வேண்டும். நாற்பது நிமிட ராகம் தானம் பல்லவிக்கு நாற்பது நிமிடம்.

இதில் ஒரு நன்மையும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பதிவின்போதே ஹார்டுவேர் வழியாக அனுப்பி முடிவு செய்துவிடுபவர்கள் மிக்சிங்கில் தடுமாறுவதில்லை. திரும்பிப் போக வழியில்லை என்று தெரிந்தால் காது கூர்மையாகும். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டைப் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பிளக்இன் போட்ட டிராக்கை ரெண்டர் செய்து (புதிய ஒலிக்கோப்பாக எழுதி), மூலத்தை மறைத்து வைத்தால் அதே பலன் கிடைக்கும்.

வாங்க வேண்டிய ஹார்டுவேர் என்று நான் சொல்வது பின்னால் திருத்தவே முடியாத இடங்களில் நிற்பவற்றை மட்டும்: மைக், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க இரைச்சலற்ற பிரீஆம்ப் உள்ள இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர். இன்டர்ஃபேஸில் தாமதத்தைப் பார்க்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் அளவு) என்றால் ஒரு வழிக்கு மட்டும் 2.7 மில்லிவினாடி, போய்த் திரும்பவும் மாற்றிகளைக் கடக்கவும் சேர்த்துக் கூடுதலாகும். ஹெட்போனில் தன் குரலைக் கேட்டுப் பாடுபவருக்கு அது நெருடும் என்பதால், கம்ப்யூட்டருக்குள் போகாமலே குரலைத் திருப்பி அனுப்பும் டைரக்ட் மானிட்டரிங் வசதி அவசியம். பதிவு 24 பிட்டில் இருந்தால் உச்சத்தை மைனஸ் 12 டெசிபலில் நிறுத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். லெவல் எகிறாமல் பிடிக்க உள்ளே வரும்போதே கம்ப்ரசர் வேண்டும் என்பது டேப் காலத்துக் கவலை.

அரங்கின் எதிரொலியைச் சேர்க்கும் ரிவெர்ப் வேறு வகைச் சிக்கல். ஜெர்மனியின் ஈஎம்டி நிறுவனம் 1957இல் கொண்டுவந்த 140 பிளேட் ரிவெர்ப், இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுள்ள எஃகுத் தகட்டைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு அதிரவைக்கும் கருவி. கால் டன்னுக்கு மேல் எடை. அதன் நகல் இன்று சில ஆயிரம் ரூபாய்க்கும், சமயத்தில் சும்மாவும் கிடைக்கிறது. 1978இல் வந்த லெக்சிகன் 224 ரிவெர்ப்பின் சாயல்களும் அப்படியே. வல்ஹல்லா விண்டேஜ்வெர்ப் ஐம்பது டாலர். நான் பணம் கொடுத்து வாங்கி, ஒருபோதும் வருந்தாதவற்றில் அதுவும் ஒன்று. ஆனால் எந்த ரிவெர்ப் என்பதைவிட, எதற்கு அனுப்புகிறோம் என்பதுதான் நம் இசையில் பெரிய தேர்வு.

தம்புராவை ரிவெர்ப்புக்கு நான் அனுப்புவதே இல்லை. இடைவிடாமல் ஒலிக்கும் ஒன்றுக்கு எதிரொலி வால் எதற்கு? அனுப்பினால் ஜீவாளி (கம்பிக்கு அடியில் வைக்கும் நூல்) தரும் மினுமினுப்பு மேகமாகக் கலங்கி, பாடகரின் மூச்சு இடைவெளிகளை நிரப்பிவிடும். தம்புரா இருப்பதால் குரலுக்கும் வழக்கமான அளவைவிடக் குறைவாகவே ரிவெர்ப் தேவைப்படுகிறது. வெறுமையை அது ஏற்கெனவே நிரப்பிவிட்டது. ரிவெர்ப்பின் நீளத்தைப் பாட்டின் டெம்போவிலிருந்து கணக்கிடும் வழக்கம் கீர்த்தனைக்கு உதவும். நிமிடத்துக்கு 90 என்றால் ஓர் அட்சரம் 667 மில்லிவினாடி, அதில் கால் பங்கு 167. தாளமே இல்லாத ஆலாபனைக்கு அந்தக் கணக்கு எடுபடாது. அங்கே பாடகர் ஒரு சொற்றொடரை முடித்து அடுத்ததை எடுக்கும் இடைவெளியைக் காதால் அளந்து, வால் அதற்குள் அடங்கும்படி சுருக்குகிறேன். வயலின் பின்தொடர்ந்து வாசிக்கும் பதிவுகளில் இன்னும் சுருக்க வேண்டும். குரலின் வாலும் வயலினின் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் யார் எந்தச் சங்கதியைப் போட்டார்கள் என்பதே புரியாது.

பிட்ச் கரெக்‌ஷனைப் பற்றிப் பேசாமல் விட முடியாது; பக்திப் பாடல் தயாரிப்பாளர்கள் வாசலிலேயே அதைத்தான் கேட்கிறார்கள். ஆண்டி ஹில்டிபிராண்ட் 1997இல் வெளியிட்ட ஆட்டோ-டியூன், பாடும் சுரத்தைக் கீபோர்டின் பன்னிரண்டு சுரங்களில் அருகிலுள்ள ஒன்றுக்கு இழுக்கிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். இழுக்கும் வேகத்தைக் கூட்டினால் அந்த அசைவு படிக்கட்டாகிவிடும். அசைவில்லாத சுரங்களிலும் சிக்கல் உண்டு. தம்புராவின் கம்பியிலிருந்தே அந்தர காந்தாரம் தானாக எழுகிறது. அது ஸட்ஜத்துக்கு ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் உள்ள சுரம். கீபோர்டின் காந்தாரம் அதைவிட 14 சென்ட் மேலே (கீபோர்டின் அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு இடையே 100 சென்ட்). பாடகர் தம்புராவோடு ஒட்டிச் சரியாகப் பாடியதை ஆட்டோ-டியூன் பிழை என்று கருதி மேலே தூக்கி, தம்புராவோடு மோதவிடும். இந்த வேலைக்கு மெலோடைன் போன்ற, ஒவ்வொரு சுரத்தையும் திரையில் கோடாகக் காட்டி, கையால் தொட்டதை மட்டும் நகர்த்தும் மென்பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும். சங்கதியின் நடுக்கோட்டை மட்டும் சற்று நகர்த்தி, அசைவைத் தொடாமல் விடலாம். கீபோர்டும் குரலும் சேரும் பாடலில் யாருடைய காந்தாரத்துக்கு யார் இணங்குவது என்பதைப் பாடகரிடமே கேட்டுவிடுகிறேன்.

கடைசியாக வரும், உச்சத்தைத் தாண்டவிடாத லிமிட்டரில் அதிகம் செலவழிக்க வேண்டாம். ஸ்பாட்டிஃபை, யூடியூப் இரண்டுமே மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸை (காது உணரும் உரப்பின் அலகு) சுற்றி உரத்தவற்றை இறக்கிவிடுகின்றன. நசுக்கி உரக்கவைத்த கச்சேரி அங்கே நசுங்கியது மட்டும்தான் மிச்சம்.

வாங்குவதற்கு முன் உரிம விதிகளைப் படிப்பது எரிச்சலூட்டும் வேலைதான். ஆனால் 2023 மார்ச் இறுதியில் பிளக்இன் விற்கும் வேவ்ஸ் நிறுவனம் இனிமேல் சந்தா மட்டும்தான் என்று அறிவித்து, உலகம் முழுவதும் எழுந்த எதிர்ப்பைக் கண்டு சில நாட்களிலேயே பழைய விற்பனை முறைக்குத் திரும்பியதைப் பார்த்தவர்களுக்கு அதன் அவசியம் புரியும். சந்தா நின்றால் செஷன் திறக்காது என்கிற பிளக்இனைக் குரல் டிராக்கில் நான் போடுவதில்லை. சட்டவிரோதமாக உடைக்கப்பட்ட பிரதிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அறுபது டாலருக்கு ரீப்பரும் இலவசமாக இத்தனை நல்ல பிளக்இன்களும் கிடைக்கும் காலத்தில் அதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

முறையாக வாங்கியதும் நிலைப்பதில்லை. ஆப்பிள் 2019இல் வெளியிட்ட கேட்டலினா பதிப்போடு 32 பிட் மென்பொருள்கள் ஓடுவது நின்றது. அடுத்த ஆண்டே சிப் மாறியது. இரண்டு முறையும் பழைய செஷன்களில் பாதிப் பிளக்இன்கள் சாம்பல் நிறப் பெட்டிகளாகத் திறந்தன. அதிலிருந்து ஒவ்வொரு வேலை முடிந்ததும் எல்லா டிராக்குகளையும் எஃபெக்ட் போட்ட நிலையில் ஒரு தொகுப்பும், எதுவும் போடாத நிலையில் இன்னொரு தொகுப்புமாக 24 பிட் வேவ் கோப்புகளாக எடுத்து, ரிவெர்ப் மட்டும் தனியாக ஒலிக்கும் டிராக்குகளையும் சேர்த்து, பாடகரின் கட்டையையும் டெம்போவையும் கோப்பின் பெயரிலேயே எழுதி இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் போட்டுவிடுகிறேன். அதில் ஒன்றை வாடிக்கையாளர் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்.